முதுகுக்குப் பின்னால் ஒரு பெட்டி

மாப்பிள்ளையும் பொண்ணும் ஆடிக்கொண்டிருந்த ஆட்டம் பாதியில் நின்றதற்கும், பொண்ணின் கவுன் விளிம்பு மாப்பிள்ளையின் ஷூவுக்கு அடியில் மாட்டி ஒரு முழம் கிழிந்ததற்கும் நாலுகம்பிதான் காரணம். இதை அவனைத் தவிர வேறு யாரும் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குப் பெரிய சங்கடமாகப் போயிற்று. யாராவது சொல்லித் தொலைத்திருந்தால் நாலு வசவு வாங்கிக்கொண்டு, ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் பழையபடி வேலையைப் பார்த்திருப்பான். திட்டு வாங்குவதில் அவனுக்கு நாற்பத்தாறு வருட அனுபவம் இருந்தது. திட்டு விழாமல் இருப்பதில்தான் பழக்கம் போதவில்லை.

அன்று மாலை மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். வெளியே மழை. ஜோடி தனியாக நடுவில் ஆடுவதற்கென்று மெதுவான பாட்டு ஒன்று கேட்டிருந்தார்கள். அதற்காக விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்து, ஒரே ஒரு நீல விளக்கை மட்டும் விட்டு வைத்தார்கள். அண்ணி பாடினாள். கீபோர்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். அவர் பகலில் பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார், சாயங்காலத்தில் இந்தக் குழுவுக்குத் தலைவர். அண்ணன் ட்ரம்ஸ். நாலுகம்பி பேஸ் கிடார். மொத்தக் குழுவே இந்த நாலு பேர்தான்.

அந்தப் பாட்டில் பேஸுக்கு வேலை குறைவு. ஒரு வரிக்கு ரெண்டு அடி. வரி தொடங்கும்போது ஒன்று, பாதியில் ஒன்று. நடுவில் கிடக்கிற இடத்தில் ஓர் ஆள் வெளியே போய் டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். பதினெட்டு வருடமாக நாலுகம்பி அந்த இடத்தைச் சும்மாதான் போட்டு வைத்திருந்தான். அன்றைக்கு இரண்டாவது சரணத்தில் அதில் வீடு கட்டினான். கட்டைவிரலால் கம்பியை அறைந்து, சுட்டுவிரலால் கொக்கி போட்டு இழுத்துவிட்டு, இடது கையை மேலும் கீழும் ஓட்டி, ரெண்டு அடி இருந்த இடத்தில் முப்பத்திரண்டு அடியை அடைத்தான். முன்வரிசையில் ஒருவர் போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் இன்னும் பதினாறு.

பின்னால் ட்ரம்ஸ் தடுமாறியது. முதலில் கால் மிதி தப்பியது. அப்புறம் கை ரெண்டும் ஆளுக்கொரு பாட்டு வாசித்தன. அப்புறம் ஒன்றுமே இல்லை. நாலுகம்பி திரும்பிப் பார்த்தபோது அண்ணன் குச்சி ரெண்டையும் தூக்கியபடி அப்படியே நிறுத்தி, தெரியாத வீட்டில் படி தேடுகிறவனைப் போல வெறுங்காலால் மேடையைத் துழாவிக்கொண்டிருந்தான். அண்ணி வார்த்தையை விட்டாள். மாப்பிள்ளை நின்றார். பொண்ணு நிற்கவில்லை. துணி கிழிகிற சத்தம் மைக் வரைக்கும் வந்தது.

விளக்கைப் போட்டார்கள். யாரோ சிரித்தார்கள். பொண்ணின் அம்மா ஊக்கு தேடி ஓடினார். கீபோர்டுக்காரர் நிலைமையைச் சமாளிக்க ஏதோ ஒரு வேகப் பாட்டைத் தனியாகவே தொடங்கி, தனியாகவே முடித்தார். அதுவரை ஒருவரும் நாலுகம்பியின் பக்கம் திரும்பவில்லை. எல்லாரும் பார்த்தது அண்ணனைத்தான்.

நாலுகம்பி என்று அவனுக்குப் பேர் வைத்ததும் அண்ணன்தான். மண்டபத்தில் குழுவை அறிமுகப்படுத்தும்போது அண்ணன் மைக்கை வாங்கி ஒரு ஜோக் அடிப்பான். எல்லாருக்கும் கிடாரில் ஆறு கம்பி, என் தம்பிக்கு நாலு. ரெண்டைப் பிடுங்கிட்டாங்க. மிச்சம் இருக்கிற நாலிலும் ஒண்ணைத்தான் தொடுவான், மத்ததெல்லாம் துணைக்கு. கூட்டம் சிரிக்கும். நாலுகம்பியும் சிரிப்பான். பதினெட்டு வருடம் ஒரே ஜோக்குக்குச் சிரித்தவன் அவனாகத்தான் இருப்பான். கொஞ்ச காலமாக அண்ணன் மைக்கை வாங்குவதில்லை. ஜோக் மட்டும் ஊரோடு தங்கிவிட்டது. பட்டறைக்குக் கார் கொண்டு வருகிறவர்கள்கூட "நாலுகம்பி இருக்காரா" என்றுதான் கேட்பார்கள்.

பகலில் மூன்று பேருக்கும் ஒரே பட்டறை. அடி வாங்கிய கார் வந்தால் அண்ணன் தகட்டுக்குப் பின்னால் இரும்புக் கட்டையை அண்டக்கொடுத்து, முன்னால் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்குவான். இருபத்தெட்டு வருடமாகத் தட்டுகிறான். அது முடிந்ததும் நாலுகம்பி பட்டி போட்டு, உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, கண்ணாடிக்கெல்லாம் பழைய பேப்பர் ஒட்டி, பெயிண்ட் அடிப்பான். அண்ணி மூலையில் தையல் மிஷின் போட்டு சீட்டுக்கு உறை தைப்பாள். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. கீழே அண்ணனும் அண்ணியும், மாடியில் ஓர் அறையில் நாலுகம்பி. ஆயிரம் கல்யாணத்துக்கு வாசித்தவனுக்குத் தன் கல்யாணத்துக்கு மட்டும் தேதி கிடைக்கவில்லை. எல்லா முகூர்த்தமும் புக்காகி இருந்தது என்று அவனே சொல்லிக்கொள்வான்.

வாசிப்புக்கென்று அண்ணன் மூன்று சட்டம் வைத்திருந்தான். ஒன்று, பேஸ் பெட்டி, அதாவது பேஸின் சத்தம் வருகிற ஆளுயர ஸ்பீக்கர், தன் ஸ்டூலுக்குப் பின்னால், முதுகு தொடுகிற தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டு, கிடாரிலிருந்து பெட்டிக்குப் போகிற வயர் குட்டையாக இருக்க வேண்டும். மூன்று, மேடையில் செருப்பு, ஷூ எதுவும் போட மாட்டான். மூன்றாவது அவன் சொந்த விஷயம். முதல் ரெண்டும் தன்னை மட்டம் தட்டத்தான் என்று நாலுகம்பி முடிவு கட்டியிருந்தான். வயர் குட்டை என்றால் மேடையின் முன்னால் வர முடியாது. ட்ரம்ஸுக்கும் சுவருக்கும் நடுவில், மாட்டி வைத்த சட்டை மாதிரி நிற்க வேண்டியதுதான். கல்யாண ஆல்பங்களில் இவனுடைய முழங்கை மட்டும் நிறைய இடத்தில் இருக்கிறது.

அதனால்தான் பதினொரு மாதம் பயிற்சி எடுத்தான். மதியம் எல்லாரும் சாப்பிட்டுக் கண்ணயர்கிற நேரத்தில், பெயிண்ட் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முகமூடியைக்கூடக் கழற்றாமல், போனில் எவனோ ஒரு வெளிநாட்டுப் பையன் காட்டிக் கொடுப்பதைப் பார்த்து வாசித்தான். அந்தப் பையனுக்கு வயது பத்தொன்பது இருக்கும். அவன் "இது ரொம்ப சுலபம்" என்கிற மாதிரி சிரிக்கும்போதெல்லாம் நாலுகம்பிக்குக் கட்டைவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. முதலில் அறைந்தால் இழுக்க வரவில்லை. இழுத்தால் இடது கை வரவில்லை. எட்டாம் மாதம் மூன்றும் ஒன்றாக வந்தபோது, பிரைமர் அடித்து நிறுத்தியிருந்த ஒரு பழைய காருக்கு முன்னால் நின்று தலை வணங்கினான்.

இந்த வேக வாசிப்புக்கு ஒரு குணம் உண்டு. பெட்டியில் அடிச்சத்தம் கனமாக இருந்தால் அத்தனை அடியும் ஒன்றோடொன்று ஒட்டிச் சேறாகிவிடும். கனத்தைக் குறைத்து, கீச்சைக் கூட்டினால்தான் ஒவ்வொரு அடியும் கண்ணாடித் துண்டு மாதிரி தனித்தனியாகத் தெறிக்கும். ஆகவே அந்தக் கல்யாணத்தன்று அவன் மூன்று காரியம் செய்தான். கனத்தின் குமிழைப் பாதிக்கும் கீழே திருகினான். புதிதாக நீள வயர் ஒன்று வாங்கி மாட்டினான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மேடையின் முன் மூலையில், ஜனங்களைப் பார்த்து வைத்தான்.

அண்ணன் ட்ரம்ஸைப் பூட்டிவிட்டு நிமிர்ந்தபோது, தன் முதுகுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தான். பிறகு தம்பியைப் பார்த்தான்.

"பெட்டி எங்கடா?"

"இங்க இருந்தாத்தான் சனத்துக்கு நல்லா கேக்கும்ணே. ஒரு நாள் பாப்போமே."

அண்ணன் அவன் வாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உம்" என்றான்.

இத்தனை பாடும் எதற்காகப் பட்டான் என்று கேட்டால் சொல்லவே வெட்கம். கூட்டம் கை தட்ட வேண்டும் என்றெல்லாம் பெரிய ஆசை இல்லை. அண்ணன் பின்னாலிருந்து ஒரு தடவை "பரவாயில்லையே" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நாற்பத்தாறு வயதில் ஒருத்தனுக்கு இருக்கக்கூடாத ஆசை. ஆனால் இருந்தது.

கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து மழை விடவே இல்லை. காற்றில் ஈரம் ஏறிவிட்டால் பெயிண்ட் வேலை படுத்துவிடும். அடித்த பத்தாவது நிமிடத்தில் பால் ஊற்றின மாதிரி வெள்ளை பூத்துப் போகும். ஒரு கறுப்புக் காரின் பானட்டை ரெண்டு தடவை அடித்து, ரெண்டு தடவையும் பூத்து, ரெண்டு தடவையும் தேய்த்து எடுத்தான். ஓட்டுக் கூரையின் ஒழுகலுக்குக் கீழே பட்டி டப்பா மூடிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சத்தம். அண்ணன் தன் பாட்டுக்குத் தகட்டைத் தட்டிக்கொண்டிருந்தான். அடுத்த நாலு நாளில் அவன் ட்ரம்ஸ் பக்கமே போகவில்லை. மண்டபத்திலிருந்து வந்தபடியே உறையோடு பின்னறையில் கிடந்தது. ராத்திரி சாப்பாட்டில் அண்ணி முட்டையை உடைத்துச் சோற்றில் வைப்பாள். மூன்று பேரும் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார்கள்.

நாலுகம்பி முதலில் அண்ணியிடம் போனான். அவள் ஒரு டிரைவர் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அன்னிக்குப் பாட்டு நின்னது என்னாலதானே?"

"மழை நிக்கட்டும் தம்பி. அப்புறமா எது எதனால நின்னுச்சுன்னு பேசலாம். இந்த ஊசியில நூலைக் கோத்துக் குடுங்க. கண்ணு தெரிய மாட்டேங்குது."

கோத்துக் கொடுத்தான். மறுபடியும் கேட்டான்.

"உங்க அண்ணன் ஏன் நிறுத்துனாருன்னு உங்க அண்ணன்கிட்டதான் கேக்கணும். நான் என்ன, அவருக்குள்ளயா உக்காந்திருக்கேன்?"

"கேட்டேன் அண்ணி. உம்னு சொன்னான்."

"அப்ப அதான் பதில்."

"மழை எப்ப நிக்கும்னு கேட்டேன். அதுக்கும் அதே உம்தான்."

அண்ணி மிஷினை மிதிக்கப் போன காலை நிறுத்தினாள். எதையோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு துணியைத் திருப்பிப் போட்டு, கடகடவென்று ஒரு நீளத் தையலை ஓட்டினாள். மிஷின் சத்தத்தில் யாரும் யாரையும் கேள்வி கேட்க முடியாது. தெரிந்துதான் ஓட்டுகிறாள் என்று நாலுகம்பிக்குப் பட்டது.

கீபோர்டுக்காரரைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்கே போனான். மத்தியான இடைவேளை. பாட்டு வகுப்பில் பெஞ்சுகளுக்கு நடுவில் அவர் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அட்டைப் பெட்டியிலிருந்து புதிதாக எடுத்த ஒரு சின்ன மிஷின் இருந்தது. புத்தகம் அளவு. மேலே வரிசையாகப் பொத்தான்கள். அமுக்கினால் ட்ரம்ஸ் வாசிக்கும்.

நாலுகம்பி உட்காரக்கூட இல்லை. சார், அன்னிக்குத் தப்பு என் மேலதான், நான்தான் நடுவுல பூந்து வாசிச்சேன் என்று மனப்பாடம் பண்ணி வந்ததை ஒப்பித்தான்.

"தப்பா? என்ன சொல்றீங்க?" கீபோர்டுக்காரர் போனை எடுத்துக் காட்டினார். முன்வரிசைக்காரர் பிடித்த படம். அதை எண்ணூறு பேர் பார்த்திருந்தார்கள். நாலுகம்பி முதல் தடவையாகத் தன் முழங்கைக்கு மேலே இருந்த பாகங்களையும் படத்தில் பார்த்தான். முகத்தைக் கோணிக்கொண்டு வாசித்திருந்தான். மருந்து குடிக்கிற குழந்தை மாதிரி. "கீழ எழுதியிருக்கிறதைப் படிங்க. ஒருத்தர்கூட பேஸைக் குறை சொல்லல. ட்ரம்ஸ்காரர் தூங்கிட்டாரான்னுதான் கேட்டிருக்காங்க."

படத்தின் ஓரத்தில் அண்ணன் தெரிந்தான். குச்சியைத் தூக்கியபடி. தூங்குகிறவனின் முகம் இல்லை அது. ஆனால் எண்ணூறு பேரும் அப்படித்தான் பார்த்திருந்தார்கள்.

"என்னாலதான் சார் அவன் தடுமாறுனான்."

"இருக்கட்டும். உங்களாலன்னே வெச்சுக்குவோம். ஆனா தடுமாறுனது யாரு? போன மாசமும் ஒரு பாட்டை நான் முடிச்ச பிறகு ரெண்டு வரி தனியா வாசிச்சாரு. நான்தான் வெளிய சொல்லல. இந்த மிஷின் இருக்கு பாருங்க, பக்கத்துல இடி விழுந்தாலும் தடுமாறாது. ஞாயித்துக்கெழமை விருந்துக்கு இதை வெச்சுக்கலாம்னு இருக்கேன்." அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். கெட்ட மனுஷர் இல்லை. சொல்லி முடிப்பதற்குள் அவர் முகமும் வாடித்தான் போயிருந்தது. "நீங்கதான் அவர்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லணும். கூடப் பிறந்தவர் சொன்னா அவ்வளவா வலிக்காது."

கூடப் பிறந்தவன் சொன்னால்தான் சார் வலிக்கும் என்று நாலுகம்பிக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவன் வாயிலிருந்து வந்தது, "சரி சார்."

அந்தச் சரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மூன்று நாள் சுற்றினான். காலையில் டீ கொண்டு போகும்போது சொல்லலாம் என்று போவான். அண்ணன் ஒரு கதவுத் தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடித் தடவிக்கொண்டிருப்பான். கண்ணுக்குத் தெரியாத நெளிவு எங்கே இருக்கிறது என்று அவன் கை சொல்லும். அந்த நேரத்தில் கூப்பிடத் தோன்றாது. டீயை வைத்துவிட்டு வந்துவிடுவான். சாயங்காலம் சொல்லலாம். சாயங்காலம் மழை பலத்துவிடும். மழைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டிருந்தால் அவனால் பதில் சொல்லியிருக்க முடியாது.

மூன்றாம் நாள் மதியம் கம்ப்ரஸர் வெடித்தது. மிஷின் முழுதும் இல்லை, அதிலிருந்து காற்று போகிற ரப்பர் குழாய். பழசு. நெடுநாளாக மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பூட்டு கழன்று துப்பாக்கி மாதிரி ஒரு சத்தம். பிடுங்கிக்கொண்ட குழாய் பாம்பு மாதிரி தரையை அடித்துக்கொண்டு, டப்பா மூடிகளை எல்லாம் தட்டிவிட்டுச் சீறியது. நாலுகம்பி கையிலிருந்த உப்புத்தாளை எறிந்துவிட்டுக் காருக்குப் பின்னால் விழுந்தான். அண்ணி அலறிக்கொண்டு எழுந்தாள். தெருவில் போனவர்கள் குடையோடு வாசலில் எட்டிப் பார்த்தார்கள்.

அண்ணன் பத்தடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தான். உள்ளங்கை கதவின் மேல் போய்க்கொண்டிருந்தது. மேலிருந்து கீழ். கீழிருந்து மேல். ஓர் இடத்தில் நின்று, விரல் நுனியால் அந்த இடத்தைச் சுற்றி வந்து, பென்சிலால் ஒரு வட்டம் போட்டான். அப்புறம்தான் வாசலில் ஆட்கள் நிற்பதைக் கண்டு நிமிர்ந்தான். அவர்கள் முகத்தைப் பார்த்து, அவர்கள் பார்க்கிற திசையைப் பார்த்து, குழாயைப் பார்த்து, உடனே தானும் திடுக்கிட்டவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். கொஞ்சம் தாமதமாகத்தான் வைத்தான்.

நாலுகம்பி தரையில் உட்கார்ந்தபடியே அண்ணியைப் பார்த்தான். அண்ணி கம்ப்ரஸர் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தாள். திடீரென்று பட்டறையில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

"நான் ஒண்ணும் சொல்லல தம்பி," என்றாள் மெதுவாக. "நீங்களா பாத்தீங்க. நான் வாயைத் திறக்கல. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்." சொல்லிவிட்டு, கவிழ்ந்து கிடந்த மூடிகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாக ஒழுகலுக்குக் கீழே வைத்தாள். கடைசி மூடியை வைத்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

அண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பது எல்லாருக்கும் தெரியும். தகடு தட்டுகிறவர்கள் யாருக்குத்தான் இல்லை. ஆனால் மந்தம் வேறு, இது வேறு. அன்று முழுக்க நாலுகம்பி பழையதை எல்லாம் கிளறிக்கொண்டிருந்தான். அண்ணன் யார் பேசினாலும் அவர்கள் எதிரே போய் நின்றது. எதற்கும் உம் என்றது. டிவியைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது, அதைக் கேட்டதற்கு அண்ணி, அவருக்கு அமைதி பிடிக்கும் என்றது. பேசிப் பேசித் தொண்டை வற்றியவர்கள்தான் அமைதியைத் தேடுவார்கள், இவன் எதற்குத் தேடுகிறான் என்று நாலுகம்பி கிண்டல்கூடப் பண்ணியிருக்கிறான். ஒரு கம்பி அரை மயிரிழை இறங்கினாலும் கண்டுபிடிக்கிற காது தனக்கு என்று பெருமை பேசிக்கொண்டவன், ஒரே வீட்டில், ஒரே பட்டறையில், ஒரே மேடையில் இருந்துகொண்டு இதைக் கேட்கவில்லை.

மறுநாளும் பானட் வெள்ளை பூத்தது. நாலுகம்பி துணியைப் போட்டுவிட்டுப் பின்னறைக்குப் போனான். குழு ஒத்திகை பார்க்கிற இடம் அதுதான். பழைய பலகைகளை ஆணியடித்துப் பரப்பிய தரை. ட்ரம்ஸின் உறையைக் கழற்றினான். ஸ்டூலை அதன் இடத்தில் வைத்தான். பேஸ் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஸ்டூலுக்குப் பின்னால், முதுகு தொடுகிற தூரத்தில் நிறுத்தினான். பலகையில் ரெண்டு கால் தடம், பெட்டியின் நாலு மூலைத் தடம் எல்லாம் தேய்ந்து பதிந்திருந்தன. இத்தனை நாள் அதை அழுக்கு என்று நினைத்திருந்தான். குட்டை வயர் ஆணியில் தொங்கியது. மாட்டினான். கனத்தின் குமிழை முழுசாகத் திருகினான். கீச்சை அடியோடு இறக்கினான்.

அந்த மெதுவான பாட்டின் ரெண்டு அடி. ஒன்று. நடுவில் ஒன்றுமில்லை. ஒன்று.

நடுவில் இருந்த அந்த இடம் அவனுக்குப் பயமாக இருந்தது. விரல் தானாகத் துடித்தது. அதை அடக்குவதற்கு, பதினொரு மாதம் பட்ட பாட்டைவிட அதிகமாகப் பாடுபட வேண்டியிருந்தது. ஜன்னல் கண்ணாடி ஒவ்வொரு அடிக்கும் நடுங்கி, மறுபடியும் அடங்கியது.

ஐந்தாவது வரியிலோ ஆறாவது வரியிலோ அண்ணன் வாசலில் வந்து நின்றான். கையில் துணி, விரலெல்லாம் கறுப்பு. பேஸின் அதிர்வு, அவன் தட்டிக்கொண்டிருந்த காரின் தகடு வழியாகக் கைக்கு வந்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். குச்சியை எடுக்கவில்லை. முதுகைப் பின்னால் சாய்த்துப் பெட்டியில் வைத்துக்கொண்டான். பாதம் ரெண்டையும் பலகையில் அழுத்தினான். நாலுகம்பி இன்னும் நாலு வரி வாசித்துவிட்டு நிறுத்தினான். சுற்றி வந்து அண்ணனின் எதிரில், வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி ஒரு டப்பாவைப் போட்டு உட்கார்ந்தான். இப்படி எதிரில் உட்கார்ந்து அவர்கள் பேசி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

"எப்பலேர்ந்துண்ணே?"

"கத்தாத. வாயை ஒழுங்கா அசைச்சாப் போதும்." அண்ணன் துணியால் விரலைத் துடைத்தான். "வலது போயி ஆறு வருஷம். இடதுல போன வருஷம் வரைக்கும் ஏதோ கொஞ்சம் இருந்துச்சு. இப்ப உங்க அண்ணி பாடுறா இல்ல, அது எனக்கு வாய் அசையுறது, அவ்வளவுதான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பாவம் பாத்து வாசிப்ப. பாவம் பாத்து வாசிச்சா அடி பின்தங்கும். நீ இத்தனை வருஷம் சோம்பேறித்தனமா வாசிச்ச பாரு, ரெண்டே அடி, டாண் டாண்னு, அதுதான் எனக்குச் சரியா இருந்துச்சு. முதுகுல ஒண்ணு விழும். நான் காலை மிதிப்பேன். மறுபடி ஒண்ணு விழும். கையைப் போடுவேன். ஊரெல்லாம் நான் ட்ரம்ஸ் வாசிக்கிறேன்னு நினைச்சுது. நீ தட்டுன இடத்துல நான் தட்டுனேன். வேற ஒண்ணும் பண்ணல."

நாலுகம்பிக்கு அழுகை வரும் போல இருந்தது. அழுதால் வாய் கோணும், அண்ணனுக்கு வார்த்தை புரியாது என்று அடக்கிக்கொண்டான். அடக்கியதற்கு வேறு காரணம் இல்லை. கீபோர்டுக்காரர் ஒரு மிஷின் வாங்கியிருக்கிறார் என்று தொடங்கினான்.

"தெரியும்," என்றான் அண்ணன். "மண்டபத்துலயே அவர் மூஞ்சியைப் பாத்தேன். வாங்கட்டும். நல்ல மிஷின்தான். அதுக்கு முதுகு வேணாம்."

"நான் சார்கிட்ட பேசுறேன். பெட்டியைப் பழைய இடத்துலயே வெச்சுக்கலாம். குட்டை வயர்தான். இனிமே நான் ரெண்டு அடிக்கு மேல ஒரு அடி வாசிக்க மாட்டேன். ஞாயித்துக்கெழமை நீ வா."

அண்ணன் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தான். கூரையில் மழை இருந்தது. அது அவனுக்கு இல்லை.

"இல்லடா. அன்னிக்கு முந்நூறு பேர் முன்னால காலைத் துழாவினேன் பாரு. அதுக்கப்புறம் எனக்குக் கால் மேல நம்பிக்கை போயிருச்சு. நீ சரியாவே வாசிச்சாலும், இப்ப வருமா, இப்ப வருமான்னு பயந்துகிட்டே உக்காந்திருப்பேன். பயத்துல வாசிக்கிறது அந்த சனங்களுக்குச் செய்யுற துரோகம். அவங்க கல்யாணம் பண்ணிக்கிட்டு ஆட வர்றாங்க." கொஞ்சம் சிரித்தான். "இந்த ட்ரம்ஸை மட்டும் வித்துடாதீங்க. எப்பவாச்சும் இப்படி வந்து உக்காந்துக்கறேன். நீ வாசி."

அத்தோடு எழுந்து போயிருக்கலாம். நாலுகம்பியும் அதைத்தான் செய்ய வேண்டும் என்று நினைத்தான். தொண்டையில் ஒரு கேள்வி கிடந்தது. கேட்கக் கூடாத நேரம், கேட்கக் கூடாத ஆளிடம், கேட்கவே கூடாத கேள்வி. பதினொரு மாதம், எட்டு கொப்புளம், ஒரு முழம் கவுன், அண்ணனின் ஸ்டூல், இத்தனையும் போன பிறகும் அது மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. தன்னைப் பார்த்துத் தனக்கே அருவருப்பாக இருந்தது. இருந்தும் கேட்டான்.

"அண்ணே. அன்னிக்கு நான் வாசிச்சது, எப்படி இருந்துச்சு?"

அண்ணன் உம் என்று சொல்லவில்லை. தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தான்.

"எனக்கு எப்படிடா தெரியும்? நல்லாத்தான் வாசிச்சிருப்ப. உன் விரல் ஓடுனதைப் பாத்தேன். சனம் போனைத் தூக்குச்சு, அதையும் பாத்தேன். முதல் சரணம் வரைக்கும் எனக்கு மங்கலா ஏதோ வந்துச்சு. அப்புறம் முதுகுலயும் வரல, கால்லயும் வரல. நீ என்னை விட்டுட்டுப் போயிட்டேன்னு நினைச்சேன்."